வீட்டுப் பட்டறை ஒயரிங்: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஷெட். 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர். 2 ஹெச்.பி. டேபிள் சா (மரம் அறுக்கும் மெஷின்) 'உம்'மென்று நிற்கிறது, பிளேடு சுற்றவில்லை. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைக் கழற்றாதீர்கள். அது ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது 60 வரை போகும். 1.5 காப்பரில் ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு, 29 மில்லிவோல்ட் இறங்கும். உங்கள் 30 மீட்டருக்கு, ஸ்டார்ட்டிங் 60 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 52 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. 230-இல் மிஞ்சுவது 178. வோல்டேஜ் குறைந்தால் இழுவை அதன் வர்க்கத்தில் குறையும், அதாவது 60 சதவீதம்தான் தேறும். 4 ஸ்கொயர் போட்டால் இறக்கம் 20 வோல்ட்டுக்குள் நிற்கும்.

ஒயர் வாங்குமுன் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்து, இன்னொருவரை ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். முள்ளோ எண்ணோ சட்டென்று சரிந்தால் ஒயர்தான். 220-க்கு மேலேயே நின்றும் முனகினால் ஸ்டார்ட்டிங் கப்பாசிட்டரைப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் முனக விடாதீர்கள், வைண்டிங் (மோட்டார் சுருள்) கருகும்.

கேள்வி: 2.5 ஸ்கொயர் ஒயர். ஸ்விட்ச் போட்டதும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது. 32 போடலாமா?

பதில்: கூடாது. 2.5 ஸ்கொயர் ஒயர் சூடேறி உருகும், எம்.சி.பி. சும்மா இருக்கும். அதன்மேல் 'பி16' என்று இருந்தால் 'சி16' மாற்றுங்கள். பி வகை, அதில் போட்டிருக்கும் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் உடனே விழும்.

கேள்வி: 850 வாட் ஆங்கிள் கிரைண்டருக்கு 6 ஆம்பியர் சாக்கெட் போதுமா?

பதில்: போதும். 4 ஆம்பியர்கூட வராது.

கேள்வி: ஷெட்டில் எர்த் இல்லை. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் லூப் பண்ணியிருக்கிறார் எலக்ட்ரீஷியன். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிகிறது.

பதில்: இன்றே கழற்றுங்கள். லேம்ப் எரிவது நியூட்ரலில். எர்த் இருப்பதற்கு அது சாட்சி இல்லை. வழியில் நியூட்ரல் ஸ்குரூ ஒன்று தளர்ந்தால் போதும், ஃபேஸ் மோட்டார் வைண்டிங் வழியாக வந்து மெஷின் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

அவரே: டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை எர்த்தோடுதானே சேர்த்திருக்கிறார்கள்? இங்கே சேர்த்தால் என்ன?

பதில்: அங்கே சேர்த்த இடத்திலேயே அது மண்ணுக்குள் இறங்குகிறது. உங்கள் சாக்கெட்டுக்கும் அதற்கும் நடுவே எத்தனை ஜாயின்ட், எத்தனை ஸ்குரூ! ஒன்று விட்டாலும் உங்கள் பாடிக்கு மண் தொடர்பே கிடையாது. இன்னொன்று, பாடிக்குக் கசியும் கரண்ட் நியூட்ரல் வழியே திரும்பிவிடுவதால் ஆர்.சி.சி.பி.க்கு (கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அது தெரியவே தெரியாது. தனி எர்த் ஒயர் இழுங்கள். வேறு வழி இல்லை.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் ரீலில் டேபிள் சா ஓட்டலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எதை ஓட்டினாலும் ரீலை முழுக்க அவிழ்த்துவிடுங்கள்; சுற்றிய ஒயர் உள்ளேயே வெந்துவிடும்.

கேள்வி: 2 ஹெச்.பி.க்கு எந்த ஒயர்?

பதில்: மேலே சொல்லியாயிற்று. தூரம் தெரியாமல் ஒயர் சொல்ல முடியாது.

கேள்வி: த்ரீ ஃபேஸ் வாங்க என்ன செலவாகும்?

பதில்: உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, எர்த் எதற்கு?

பதில்: எர்த் இருந்தால் கசிவு அதன் வழியே போய், யாரும் தொடுமுன் ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு உங்கள் உடம்பு வழியே போன பிறகுதான் விழும். இரண்டும் வேண்டும். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் 'டி' (டெஸ்ட்) பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றும்வரை மெஷினைத் தொடாதீர்கள்.