சனிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு

தம்பி, நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து மூன்று கிழமைதான் என்கிறீர்கள். சனிக்கிழமை பின்னேரம் ஆறேகாலுக்குப் பியர் எடுக்கப் போனால் தட்டுக்குத் திரை இழுத்து மூடியிருந்தார்கள், வளர்ந்த ஆளைப் பிள்ளை மாதிரி நடத்துகிற இது என்ன சுதந்திர நாடு என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த புதிதில் எனக்கும் இதே கோபம்தான்.

பலசரக்குக் கடையில் 4.7 வீதம் வரை மதுசாரம் உள்ள பியர்தான் விற்கலாம். கிழமை நாளில் இரவு எட்டு மணி வரை, சனிக்கிழமை ஆறு வரை, ஞாயிறு இல்லை. வைன், விஸ்கி எல்லாம் வின்மொனோபோலெ என்ற அரசுக் கடையில். அது 1922 இலிருந்து இருக்கிறது. சுருக்கமாகப் 'போலெ' என்பார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ட்ராம் தரிப்பிடத்திலோ பஸ்ஸிலோ ஒரு மது விளம்பரம் கிடையாது. 1975 முதல் தடை. மலிவு விலை, கழிவு என்று சொல்லியும் விற்க முடியாது. இலங்கையிலும் 2006 இல் மது விளம்பரத்தைத் தடை செய்தார்கள், ஆகவே இது நமக்குப் புதிதில்லை.

நான் வந்த காலத்தில் ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தோம். அதில் ஒரு அண்ணை, மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர், குடியை நிறுத்தப் படாத பாடு பட்டார். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு, ஊறிப்போன விரல்களோடு இரவு பத்துக்கு வருவார். "கடை பூட்டு என்று தெரிந்தால் மனம் அதோடு படுத்துவிடும்" என்பார். சனி இரவுகளில் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடி அவரை இருத்தி வைப்போம். வழியெங்கும் பியர் படம் சிரித்துக்கொண்டிருந்தால் அந்த மனிதர் வீடு வந்து சேர்ந்திருக்கமாட்டார்.

உங்கள் குடிக்கும் உரிமையில் யாரும் கைவைக்கவில்லை. ஐந்து மணிக்கு வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் விடிய விடியக் குடிக்கலாம். குடிக்கச் சொல்லி உங்கள் பின்னால் வருகிறவனைத்தான் தடுத்திருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகவே படுகிறது. வரிதான் அதிகம், சம்பளம் குறைந்தவனைத்தான் அது கடிக்கிறது. அதனால்தான் சனம் எல்லை தாண்டி சுவீடனுக்குப் போய் வாங்கி வருகிறது. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை.

காரோட்டினால் மட்டும் கவனம். இரத்தத்தில் மதுசாரம் 0.2 புரொமில், அதாவது ஆயிரத்தில் 0.2 பங்குதான் எல்லை, ஒரு போத்தல் பியரே தாண்டவைக்கலாம்.

சரி, அடுத்த சனிக்கிழமை வேலை இல்லையென்றால் வீட்டுக்கு வாருங்கள். முந்நூற்றி நாலுக்கு ஒரு ஆள் குறைகிறது.