குழந்தைகள் நலத் திட்டங்கள் நடைமுறையில் பலன் தர என்ன செய்ய வேண்டும்?

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். திட்டங்களுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. வேண்டாமென்று கைவிடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் எங்கள் சேலத்தில்தான் தொடங்கியது. ஆனால் ஒரு திட்டம் குழந்தையின் உடம்பில் ஒட்டுகிறதா என்பதை எடை பார்க்கும் இடத்தில்தான் கண்டுகொள்ள முடியும்.

எங்கள் மையத்தில் இருந்தது தொங்கு தராசு. குழந்தையைத் துணித் தூளியில் உட்கார வைத்து மாட்டினால், அது வீறிட்டு உதைக்கிற உதையில் முள் நிலைகொள்ளாமல் ஆடும். ஒருநாள் வெறும் தூளியை மாட்டிப் பார்த்தபோது முள் 300 கிராமில் நின்றது. எத்தனை மாதமாக அப்படிக் காட்டியதோ தெரியவில்லை. கவனிக்காதது என் பிழைதான். மறுபடி எடை பார்த்ததில், வளர்ச்சி அட்டையில் சரியான எடையைக் குறிக்கும் பச்சைப் பட்டையின் விளிம்பில் இருந்த மூன்று குழந்தைகள், எடைக் குறைவைக் குறிக்கும் மஞ்சளுக்கு இறங்கினார்கள். மாத அறிக்கையில் அதுவரை எல்லாம் சரியாகவே இருந்தது!

1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதை நன்றாக உணர்ந்திருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள்; தாய்க்கு அதன் காரணத்தையும் சொன்னார்கள். அட்டை என்பது மேலிடத்துக்குக் காட்டுவதற்கு முன்பாகத் தாயோடு உட்கார்ந்து படிப்பதற்கானது.

அடுத்தது வேளை. கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், நாங்கள் மையத்தைத் திறக்கும் முன்பே தாய்மார்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை மரத்தடித் தூளியில் கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ள அக்காள் பள்ளியை விட்டு நிற்பாள். வீட்டுக்குக் கொடுத்த சத்துமாவு வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் கஞ்சியாகிவிடும். அதில் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதங்களில் மட்டும் மாலையில், அவர்கள் கூலி வாங்கித் திரும்பும் நேரத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலுக்கே தராசைத் தூக்கிக்கொண்டு போனோம். எடை பார்க்க வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது; கிராமச் சுகாதாரச் செவிலியரும் அந்த நேரத்துக்கு வரச் சம்மதித்ததால்தான் அது நடந்தது.

2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வேளைச் சிக்கலைத் தீர்த்திருக்கிறது. அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்கும் சுயஉதவிக் குழுப் பெண்ணைச் சமைக்க வைத்தது, என் பார்வையில், எந்த மேற்பார்வையைக் காட்டிலும் வலுவான ஏற்பாடு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அப்படி ஒரு காலை வேளை இன்னும் அமையவில்லை. என்னைக் கேட்டால், பறிப்புக் காலத்தில் தோட்டத்துக்கு அருகிலேயே விடியலில் திறக்கும் குழந்தைக் காப்பகத்தில்தான் அடுத்த ரூபாயைச் செலவழிக்கச் சொல்வேன்.