இட்டேரியில் ஒரு கேமரா: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் திருப்பூர் மாவட்டத்து மூலனூருக்கு அருகே எடுத்த ஒரு வேலிப் படத்தை வெளியிட்டிருந்தோம். இருபுறமும் முட்புதர், நடுவே வண்டித் தடம், தொலைவில் ஒரு காங்கேயம் பசு. படத்தில் இருந்தது அவ்வளவுதான். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: அந்தப் படத்தில் இருக்கும் புதர் தானாக வளர்ந்ததா, வைத்து வளர்த்ததா? இத்தகைய வேலிகளைக் காண எந்த வழியாகப் போக வேண்டும்? (வாசகி, சென்னை)

வைத்து வளர்த்ததுதான். அதன் பெயர் கிளுவை. மழைக்கு முன்பாகக் கிளுவைப் போத்துகளை (நடுவதற்கான கிளைத்துண்டுகளை) வெட்டி நெருக்கமாக நட்டுவிட்டால், அவை வேர்பிடித்து, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சில ஆண்டுகளில் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத முள்சுவராகிவிடும். இந்த வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தைக் கொங்கு நாட்டில் கொறங்காடு என்பார்கள். இங்கே காடு என்றால் வனம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம் எனப்படும். வானம் பார்த்த நிலம் காடு எனப்படும். கொறங்காட்டில் மூன்று பயிர்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. தரையில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே குடை விரித்த வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை. புல் தீர்ந்துபோகும் வறட்சிக் காலத்தில் வெள்வேலின் நெற்று உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகிறது. வேலி உறுதியாக இருப்பதால் மாடுகளை உள்ளே விட்டு, கடவை (வேலியில் விட்ட வாயிலை) அடைத்துவிட்டு, மேய்ப்பவர் வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். படமெடுப்பவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது. ஆளே இல்லாத அந்தக் காட்டில் மாடு மட்டும் அமைதியாக நிற்பதற்குக் காரணம், அங்கே ஆள் செய்ய வேண்டிய வேலையை வேலி செய்துகொண்டிருப்பதுதான்.

இரண்டு காடுகளின் வேலிகளுக்கு நடுவே செல்லும் ஒடுங்கிய தடத்துக்கு இட்டேரி என்று பெயர். தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்திலும், கிழக்கே கரூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் இவற்றை இன்னமும் காணலாம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும், வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் செல்லும் சாலையும் என் தேர்வு. காங்கேயத்தையும் வெள்ளகோவிலையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாது. அங்கே வண்டியை ஓரங்கட்டிக் கேமராவை எடுப்பது ஆபத்தான வேலை. அதைவிட்டுத் தெற்கே திரும்பினால்தான் அமைதி கிடைக்கும்.

கேள்வி: மாசி மாதத்தில் அதே பகுதிக்குப் போனேன். எல்லாம் காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. எந்த மாதம் போக வேண்டும்? (வாசகர், திருப்பூர்)

பச்சை வேண்டுமானால் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகு, கார்த்திகையிலும் மார்கழியிலும் போங்கள். கிளுவை ஆண்டின் பெரும்பகுதி இலையில்லாமல் நிற்கும் செடி, மழைக்குத்தான் தளிர்க்கும். அப்போது பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் அதன் மேல் ஏறிப் படர்ந்து, எது வேலி, எது கொடி என்று பிரித்தறிய முடியாதபடி மூடிக்கொள்ளும். பார்க்க அழகுதான், ஆனால் படத்தில் பலமுறை வெறும் பச்சைக் குவியலாக முடிந்துவிடுகிறது. உங்களுக்கு ஏமாற்றமளித்த மாசியையே நான் விரும்புகிறேன். இலை உதிர்ந்த பிறகுதான் போத்துகள் எப்படி நடப்பட்டன, எந்தக் கிளையை வளைத்து எதனோடு பின்னினார்கள், ஆடு புகுந்த இடுக்கை எந்த முள்ளை வைத்து அடைத்தார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. வைக்கோல் நிறப் புல்லுக்கு முன்னே அந்தச் சாம்பல் முள்வலை கரிக்கோலால் வரைந்தது போல நிற்கும்.

ஆனியும் ஆடியும் வேறு விதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தச் சமவெளியில் தடையின்றி வீசும். காற்றாலைகள் இங்கே பெருகியதற்கும் அதுதான் காரணம். கொழுக்கட்டைப் புல்லின் பஞ்சு போன்ற கதிர்கள் ஒரே திசையில் சாயும். வேலி மட்டும் அசையாது. இந்த வேறுபாட்டைக் காட்ட விரும்பினால், முக்காலியில் கேமராவைப் பொருத்தி ஷட்டரை அரை விநாடி வரை திறந்து வையுங்கள். புல் நீராகக் கரைந்து ஓட, வேலி கூர்மையாக நிற்கும். புல்லும் கூர்மையாக வேண்டுமென்றால் விநாடியில் 500இல் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் தேவை.

மாதத்தைவிட நேரம் முக்கியம். நான் சொன்ன இரண்டு சாலைகளும் ஏறக்குறைய வடக்கு தெற்காகச் செல்பவை. காலையில் தெற்கு நோக்கிப் போனால் வெயில் இடப்பக்கத்திலிருந்து வரும். அப்போது சாலையின் வலப்புற வேலியில் ஒளி நேராக விழுந்து முள் முள்ளாகத் தெரியும். இடப்புற வேலியோ எதிரொளியில் நிழலுருவாக நின்று, விளிம்பில் மட்டும் பொன்னிறம் பூசிக்கொள்ளும். மாலையில் திரும்பி வரும்போது, காலையில் ஒளி பெற்ற வேலி நிழலுருவாகும், நிழலுருவாக நின்றது ஒளி பெறும். ஆகவே ஒரே வேலியை ஒரே நாளில் இருவேறு முகங்களோடு எடுக்கலாம். நம் பகுதியில் கதிரவன் செங்குத்தாக ஏறுவதால் அந்தச் சாய்ந்த ஒளி அரைமணி, முக்கால்மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. சித்திரை முதல் வாரத்தில் நண்பகலில் கதிரவன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக இருக்கும். நட்ட கல்லின் நிழல் அதன் காலடியை விட்டு வெளியே வராது. அந்த நேரத்தில் கேமராவை உறையில் போட்டுவிட்டு, எங்காவது இளநீர் குடிப்பது உசிதம்.

கேள்வி: கண்ணுக்குப் பிரமாண்டமாகத் தெரியும் வேலி, கைப்பேசியில் எடுத்தால் தொலைவில் ஒரு கோடாகச் சுருங்கிவிடுகிறதே, ஏன்? (மாணவர், மதுரை)

கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பரந்த கோணம் உடையது. அது வானத்தையும் தரையையும் நிறைய அள்ளிக்கொண்டு நடுவில் இருப்பதைச் சிறிதாக்கிவிடும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலிக்கு மிக அருகில், முழங்கால் உயரத்தில் கைப்பேசியை வைத்து, வேலி ஓடும் திசையிலேயே பார்ப்பது. முன்னால் இருக்கும் முள் பெரிதாகவும், தொலைவு மெலிந்தும் தெரியும். மற்றொன்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு பெருக்கும் லென்ஸுக்கு மாறி, சற்று மேடான இடத்திலிருந்து எடுப்பது. அப்போது அடுத்தடுத்த காடுகளின் வேலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது போல நெருங்கி வரும். கொறங்காட்டின் கட்டம் கட்டமான அமைப்பை இரண்டாவது வழியே காட்டும்.

கேள்வி: காங்கேயம் மாடுகளை எடுத்தால் ஒருமுறை வெளுத்துப் போகின்றன, மறுமுறை அழுக்காகத் தெரிகின்றன. (வாசகர், ஈரோடு)

கேமரா எல்லாவற்றையும் சராசரிச் சாம்பலாக்கப் பார்ப்பதன் விளைவு இது. கருத்த வேலி படத்தை நிறைத்து, அதன் முன்னே வெளிர்நிறப் பசு சிறிதாக நின்றால், கேமரா இருட்டுக்கு ஈடுகட்டி ஒளியைக் கூட்டும், பசு வெளுத்துவிடும். அப்போது ஒளியளவை (எக்ஸ்போஷரை) ஒரு படி குறையுங்கள். கைப்பேசியானால் பசுவின் மேல் தொட்டு, ஒளிக்குறியைக் கீழே இழுங்கள். பசுவே படத்தை நிறைத்தால் நேர்மாறாக, அரைப்படி முதல் ஒரு படி வரை கூட்ட வேண்டும். இந்த இனத்தின் கன்று செம்பழுப்பாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் தொடையும் கருத்திருக்கும். ஆகவே தாயும் கன்றும் சேர்ந்து நிற்கும் படத்தில் தாயின் முதுகுக்கு ஒளியைப் பொருத்துங்கள். கன்றின் நிறம் தானாகச் சரியாக வந்துவிடும்.

கேள்வி: பல தோட்டங்களில் வேலியைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள். படத்தின் அழகு கெடுகிறது. எப்படித் தவிர்ப்பது? (வாசகி, கோயம்புத்தூர்)

தவிர்க்காதீர்கள் அம்மா. மயிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சிக் கட்டிய சேலைகள் அவை. மயில் நம் தேசியப் பறவை; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைத் துன்புறுத்த முடியாது. விதைத்த சோளத்தையும் நிலக்கடலையையும் அது கிளறாமலும் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உழவர் கண்டுபிடித்த மலிவான சுவர் அந்தச் சேலை. ஐந்தரை மீட்டர் நீளத்தில் வேறெந்தத் துணி வீட்டில் சும்மா கிடைக்கும்?

படமாகப் பார்த்தாலும் அது வளமான பொருள். வெயில் சாய்ந்த பிறகு சேலைக்குப் பின்னால் கதிரவன் இருக்கும்படி நில்லுங்கள். வெளுத்துப்போன நைலக்ஸின் பூக்களும் கரையும் விளக்கு ஏற்றியது போல ஒளிரும்; உள்ளே வேலை செய்பவரின் நிழல் துணியில் விழுந்தால் அது உங்கள் நல்ல நேரம். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிட்ட தோட்டங்களிலும் இதைப் போன்ற வாய்ப்பு உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் கம்பிப் பந்தலில் அந்தக் கொடி பூக்கும். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, விதைதான் பணம். பூவைப் பறித்து வேறு இடத்தில் வைத்துப் படமெடுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. ஒவ்வொரு பூவும் ஒரு காய்; பறித்தால் உழவருக்கு நட்டம்.

கேள்வி: கடவு திறந்திருந்ததால் உள்ளே போய்ப் படமெடுத்தேன். தோட்டக்காரர் கடுமையாகப் பேசிவிட்டார். சட்டப்படி நான் செய்தது தவறா? ட்ரோன் பறக்கவிடலாமா? (வாசகர், சேலம்)

பொதுச் சாலையில் நின்று, கண்ணுக்குத் தெரிவதைப் படமெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலிக்கு உள்ளே போவது வேறு. திறந்த கடவு அழைப்பாகாது; உரிமையாளர் வெளியேறச் சொன்னால் உடனே வெளியேற வேண்டும். அத்துமீறல் குற்றமாவதற்கு, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணம் இருக்க வேண்டும் என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த விவாதத்தைக் காட்டில் நின்று நடத்துவதால் உங்களுக்குப் படம் கிடைக்கப்போவதில்லை. “ஏனுங்க, வேலியை ஒரு படம் எடுத்துக்கலாமுங்களா?” என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள். மீதி ஒருவர் எதற்காக என்று கேட்பார். ஆடு, மாடு திருட்டுப்போவதும், நிலத்தரகர்கள் படம் எடுத்துக்கொண்டு போவதும் அவருக்குத் தெரியும். அவருடைய சந்தேகம் நியாயமானது.

கடவு என்றதும் என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருமுறை நல்ல மாலை ஒளி கிடைத்த அவசரத்தில், சாலையோரம் புல் படர்ந்திருந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு, ஒரு வெள்வேல் மரத்துக்காக நெடுந்தூரம் நடந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நான்கு மாடுகளோடு ஒரு பெரியவர் காரின் பின்னால் நின்றிருந்தார். நான் நிறுத்தியிருந்தது அவருடைய கடவின் முன்னால். முள்ளால் கட்டிய கதவான படல் சாத்தியிருந்ததால் அதுவும் வேலி என்றே நினைத்துவிட்டேன். அரைமணி நேரமாக நிற்பதாகச் சொன்னாரே தவிர, ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று முதல், வண்டியை நிறுத்தும் முன் தரையில் குளம்புத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். குளம்புத் தடம் எங்கே வேலிக்குள் திரும்புகிறதோ, அங்கே கடவு இருக்கிறது.

கம்பி வேலியில் கை வைக்காதீர்கள். சூரிய மின்வேலியாக இருக்கலாம். ட்ரோனைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் பல்லடம் பக்கம் கூடுதல் எச்சரிக்கை தேவை. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், மேயும் மாட்டின் தலைக்கு மேல் வேண்டாம். மிரண்ட மாடு முள்வேலியில் பாயும்.

கேள்வி: எங்கள் கொறங்காட்டில் என் பாட்டனார் காலத்துக் கிளுவை வேலி உள்ளது. பங்கு பிரிந்ததால் அதை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டப்போகிறோம். அதற்கு முன் எப்படிப் படமெடுத்து வைப்பது? (வாசகர், தாராபுரம் வட்டம்)

வேலியை அகற்றாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. புதர்வேலி அகலமாக இடம் பிடிக்கும். கவாத்து செய்ய ஆள் கிடைப்பதில்லை. பங்கு பிரித்த சிறு நிலத்தில் அந்த இடம் பெரிதாகத் தெரியும். ஆனால் அவசரம் இல்லையென்றால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பொறுங்கள். நிலத்தின் நான்கு மூலைகளிலும் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அதே கல்லின் மேல் நின்று, அதே உயரத்தில், மாதம் ஒருமுறை எடுங்கள். அழகுக்காக எடுக்கும் படங்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் வேலியின் முழு நீளத்தையும் பத்தடிக்கு ஒரு படமாக, ஒன்றின் ஓரம் மற்றொன்றில் வரும்படி வரிசையாக எடுத்துவிடுங்கள். பிறகு கடவின் அமைப்பு, படலைக் கட்டிய முடிச்சு, அடிமரத்தின் பருமன், வேலிக்குள் இருக்கும் குருவிக்கூடு, கீரி போகும் துளை ஆகியவற்றை அருகில் சென்று எடுங்கள். அடிமரத்தை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு கையோ அரிவாளோ இருந்தால் அளவு புரியும்.

வீட்டில் மூத்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களை வேலியோரமாக நடக்கச் சொல்லிக் கூடவே போங்கள். எந்த இடத்தில் யார் போத்து நட்டது, எந்த இடுக்கில் எந்த ஆண்டு ஆடு புகுந்தது என்று அவர்கள் சொல்வதை, அந்தந்தப் படத்தின் எண்ணோடு அன்றைக்கே எழுதி வையுங்கள். வெட்டும் நாளிலும் கேமராவை எடுத்துப் போங்கள். வெட்டிய போத்துகளை நடுவதற்குக் கேட்டு அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் வரக்கூடும். வண்டியில் ஏற்றும்போது ஒரு படம், அவர்கள் காட்டில் நட்ட பிறகு ஒரு படம் எடுத்தால், அதே வரிசையில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.