தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பலாமா? ஜனநாயகத்தில் அவற்றால் என்ன பயன்?

யார் வெல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்றால், ஓரளவுக்கு நம்பலாம். அதற்கு மேல் வேண்டாம். ஆனால் தேர்தல் நடக்காத காலத்தில்தான் கணிப்புகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது என்பது என் எண்ணம். கொழும்பில் இருந்து பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

2022 யூலையில் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது பாராளுமன்றத்தில் விழுந்த 134 வாக்குகள். மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் காசில்லை என்று தள்ளிப்போய், கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ‘நாடு எங்கள் பக்கம்தான்’ என்று யார் வேண்டுமானாலும் மேடையில் சொல்லலாம். இல்லை என்று காட்ட ஒரு வாக்குச்சீட்டுக்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் சில மாதங்களுக்கு ஒரு தடவை, அரசாங்கம் நடக்கிற விதத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று நாடு முழுவதும் கேட்டு வந்தது. 2024 பெப்ரவரியில் ஆம் என்றவர்கள் 7 வீதம். யூலையில் 24. ஆட்சி மாறிய பிறகு, 2025 பெப்ரவரியில் 62. இந்த 7 உண்மையில் 5ஆகவோ 10ஆகவோ இருந்திருக்கலாம். இருந்தால் என்ன? சனம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறதே. இதைத்தான் நான் பயன் என்கிறேன்.

சரி, வெற்றி தோல்வி விஷயத்துக்கு வருவோம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3.16 வீதம். கொழும்பில் இருக்கும் சுகாதாரக் கொள்கை நிறுவனத்தின் தொடர் கணிப்புகள் 2023இலேயே அவர் மேலே வருவதைக் காட்டின. வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் அந்தப் பேச்சு வந்தால், “மூன்று வீதக்காரர் வந்து ஆளப்போறாராம்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். 2024 செப்டெம்பர் 21இல் அவருக்கு 42.31 வீதம், ஜனாதிபதியும் ஆனார். கணிப்புகள் புள்ளி பிசகாமல் சொல்லின என்று நான் சொல்லவில்லை. தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அவை ஏறி இறங்கத்தான் செய்தன. ஆனாலும் போன தேர்தல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆரூடம் சொன்ன வரவேற்பறைகளைவிட அவை மேல்.

கணிப்பு எங்கே பிழைக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகப் படிவம் நிரப்பப் போயிருக்கிறேன். சவர்க்காரம், பால்மா பற்றிய கேள்விகளோடு கடைசியில் அரசியல் கேள்வி இரண்டு. கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மா பால்மாவைப் பற்றி என்னைவிட அதிகமாகப் பேசினார். எந்தக் கட்சி என்று கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. படிவத்தை எட்டிப் பார்த்து, “இதில என்ட பேர் இருக்கா தம்பி?” என்றார். இல்லை அம்மா என்று காட்டினேன். உள்ளே இருந்து ஐயா, “எல்லாரும் நல்லவங்கதான் எண்டு எழுதிக்கொண்டு போங்கோ” என்று சத்தம் போட்டார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ‘தீர்மானிக்கவில்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அவர்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வாழ்ந்த சனம் அது. படிவத்தோடு வாசலில் நிற்கிற அந்நியனிடம் மனம் திறக்காது.

அப்புறம், யார் அகப்படுகிறார்கள் என்பது இன்னொரு தொல்லை. பகலில் போனால் வயதானவர்களும் வீட்டிலிருக்கிற பெண்களும்தான். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் செக்யூரிட்டியைத் தாண்டவே முடியாது. இப்போது தொலைபேசியில் கேட்கிறார்கள், அதில் தெரியாத நம்பர் என்றால் எடுக்காத ஆட்கள் கழிந்துபோகிறார்கள். நல்ல நிறுவனங்கள் வயது, இனம், மாவட்டம், போன தடவை போட்ட வாக்கு எல்லாவற்றையும் பார்த்துக் கணக்கைச் சரிக்கட்டும். அதுவும் ஓர் ஊகம்தான், ஆனால் படித்தவர்களின் ஊகம்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியது இனித்தான் வருகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே தீயில் வெந்திருந்தால்தான் சரி. ஆயிரம் பேரிடம் கேட்டால் பிழை கூடியோ குறைந்தோ 3 வீதம் என்று போடுவார்கள். அது முழு நாட்டுக்குமான கணக்கு. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் சுமார் 11 வீதம். ஆயிரத்தில் 110 பேர், அவர்களைத் தனியாகப் பார்த்தால் பிழை 9 வீதத்துக்குப் போய்விடும். மலையகத் தமிழர் 40 பேர் வருவார்கள், பிழை 15ஐத் தொடும். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 30 பேர் தேறுவதே பெரிய விஷயம். அந்த 30 பேரை வைத்துக்கொண்டு ‘வடக்கு என்ன நினைக்கிறது’ என்று கட்டுரை எழுதுகிறவர்களை நான் வாசிப்பதே இல்லை.

2024இல் நடந்ததைப் பாருங்கள். செப்டெம்பரில் யாழ் மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தது 27,086 வாக்குகள். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகள், ஆறு ஆசனங்களில் மூன்று. இரண்டு மாதத்துக்குள் இப்படி ஒரு திருப்பம். தேசிய அளவிலான எந்தக் கணிப்பிலும் இது ஒரு சொட்டுப் போலத்தான் தெரிந்திருக்கும்.

கணிப்புகளால் தீமையும் உண்டு. யார் காசு கொடுத்தது, எத்தனை பேரிடம், எந்தத் திகதியில் என்று எதுவும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வருகிற வண்ணப் படங்கள் கணிப்பே இல்லை, விளம்பரம். அவற்றைப் பார்த்து ‘இவர் வெல்லமாட்டார், வாக்கு வீணாகும்’ என்று மனம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களும் சறுக்கும். 2024 இந்தியப் பொதுத் தேர்தலில் வாக்களிப்பு முடிந்த பிறகு வந்த கணிப்புகளில் பல பாஜக கூட்டணிக்கு 350 ஆசனங்களுக்கு மேல் கொடுத்தன. வந்தது 293. கணிப்பை நம்பி ஜூன் 3ஆம் திகதி துள்ளிய பங்குச் சந்தை அடுத்த நாளே குப்புற விழுந்தது. இதற்காகக் கணிப்புகளையே தடை செய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடை செய்தால் கட்சிகள் தங்களுக்குள் இரகசியமாக எடுத்துக்கொண்டே இருக்கும், நமக்கு மட்டும்தான் தெரியாமல் போகும்.

வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரோடு முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. வடக்கில் மட்டும் ஆயிரம் பேர், கிழக்கில் ஆயிரம், மலையகத்தில் ஆயிரம் என்று தமிழிலேயே கேட்டு ஒரு கணிப்பை யாராவது வெளியிட்டால், முதலில் காசு கொடுத்தவர் பெயரைப் பார்ப்பேன், பிறகு கேள்விகளை எப்படிக் கேட்டார்கள் என்று பார்ப்பேன். வீதக் கணக்குக்கு அதற்குப் பிறகுதான் போவேன்.