யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் விக்கிப்பீடியாவை எப்படி நம்புவது? அங்குள்ள அறிவு உண்மையிலேயே எல்லோருக்கும் கிடைக்கிறதா?

சில ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் எழுதியும் திருத்தியும் வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் செய்த முதல் திருத்தம் ஒரு பழைய பாலத்தைப் பற்றிய கட்டுரையில். அது கட்டப்பட்ட ஆண்டு தவறு என்று எனக்கு உறுதியாகத் தோன்றியதால் 'தொகு' என்பதை அழுத்தி, எண்ணை மாற்றிச் சேமித்தேன். கால் மணி நேரத்திற்குள் என் மாற்றம் நீக்கப்பட்டு, கட்டுரை பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. பக்க வரலாற்றில் 'சான்று இல்லை' என்ற குறிப்பு மட்டும் இருந்தது. மனம் வருந்தியது. பிறகு நூலகத்தில் தேடி, ஒரு பொறியியல் வரலாற்று நூலின் பக்க எண்ணோடு, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே அதனுடன் இணைந்திருக்கும் உரையாடல் பக்கத்தில் எழுதினேன். என் மாற்றத்தை நீக்கியவரே பதில் அளித்தார். அவர் பார்த்த நூல் அடிக்கல் நாட்டிய ஆண்டையும், நான் பார்த்த நூல் போக்குவரத்துக்குத் திறந்துவிட்ட ஆண்டையும் குறிப்பிட்டிருந்தன. முடிவில் இரண்டு ஆண்டுகளும் தத்தம் சான்றுகளோடு கட்டுரையில் இடம்பெற்றன. எங்களில் யார் அதிகம் படித்தவர், யார் என்ன பதவியில் இருக்கிறார் என்ற பேச்சே எழவில்லை.

இந்த ஏற்பாட்டின் அடிப்படையே அதுதான். விக்கிப்பீடியாவுக்கு முன்பு, 2000ஆம் ஆண்டில், ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் நியூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தை நடத்தினார்கள். அறிஞர்கள் எழுத, ஏழு கட்டங்களாகச் சரிபார்த்து, அதன் பின்னரே வெளியிடும் முறை அது. முதல் ஆண்டில் 21 கட்டுரைகளே தேறின. பார்ப்பவர் எவரும் பக்கத்தை அங்கேயே திருத்த இடம் தரும், வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர் 1995இல் உருவாக்கிய விக்கி முறையைக் கையில் எடுத்து, 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியாவைத் தொடங்கியபோது அந்த வரிசை தலைகீழானது: முதலில் வெளியீடு, பிறகு சரிபார்ப்பு. ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு பதிவாகிறது. பழைய வடிவங்கள் எல்லாம் பெரும்பாலும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி கிடக்கின்றன. கெடுப்பதற்கு ஆகும் உழைப்பைவிட, கெடுத்ததை மீட்பதற்கு ஆகும் உழைப்பு குறைவு. நடுநிலை நோக்கு, சரிபார்க்கத்தக்க சான்று, சொந்த ஆய்வைப் புகுத்தாமை ஆகிய மூன்றும்தான் அங்கே வழக்குத் தீர்க்கும் விதிகள்.

இந்த முறை தோற்றதும் உண்டு. 2005இல், அமெரிக்க இதழாளர் ஜான் சீகெந்தாலரைக் கென்னடி படுகொலையோடு தொடர்புபடுத்திய அப்பட்டமான பொய் சுமார் நான்கு மாதங்கள் அவரைப் பற்றிய கட்டுரையிலேயே இருந்தது. அதிகம் பேர் கவனிக்காத பக்கத்தில் பிழை நீண்ட நாள் வாழும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. அதன் பிறகு, கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கான விதிகளும் கடுமையாயின. ஆகவே ஒரு கட்டுரையை நம்புவதற்கு முன் அதன் அடிக்குறிப்புகளையும் வரலாற்றுப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பலர் கைபட்ட கட்டுரையா, ஒருவர் எழுதிவிட்டுப் போனதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் வருத்துவது. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. எழுதியவர்களைக் குறிப்பிட்டு, விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே திறந்த உரிமத்தில் வெளியிட்டால், யாரும் அந்த உரையைப் படியெடுக்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். கிவிக்ஸ் போன்ற மென்பொருளில் ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாத இடத்திலும் படிக்கலாம். ஆயினும் அரசுகள் கதவை அடைக்க முடியும். துருக்கியில் 2017 ஏப்ரலில் விதிக்கப்பட்ட தடை, அது கருத்துரிமையை மீறுகிறது என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2020 ஜனவரியில்தான் நீங்கியது. சீனாவில் 2019 முதல் எல்லா மொழிப் பதிப்புகளும் முடக்கப்பட்டுள்ளன.

தடையே இல்லாத நாட்டிலும் இன்னொரு பூட்டு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கட்டுரை இலவசம், ஆனால் அதன் அடிக்குறிப்பைச் சொடுக்கினால் பல நேரங்களில் கட்டணம் கேட்கும் ஆய்விதழின் பக்கம்தான் திறக்கிறது. 500 திருத்தங்களும் ஆறு மாதப் பழக்கமும் உள்ள, தொடர்ந்து பங்களிக்கும் பயனர்களுக்கு 'விக்கிப்பீடியா நூலகம்' என்ற திட்டத்தின் வழியாக அத்தகைய இதழ்கள் பலவும் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதுபவனாகிய எனக்கு அது பெரும் உதவி. ஆனால் நான் எழுதியதைச் சரிபார்க்க விரும்பும் வாசகருக்கு அந்த வழி இல்லை. சான்றைப் பார்த்து நம்புங்கள் என்று சொல்லிவிட்டு, அந்தச் சான்றையே எட்டாத இடத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் இப்போதெல்லாம் ஓர் ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது, கட்டணமின்றி யாரும் படிக்கக்கூடிய அதன் திறந்த அணுக்கப் படி எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடி அதையே இணைக்கிறேன். இல்லையென்றால், நான் சார்ந்திருக்கும் அந்த ஒரு வாக்கியத்தையாவது மூலத்தில் உள்ளபடியே அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.