போன மரு ஏன் திரும்பி வருகிறது?

அந்தரங்க உறுப்பில் வரும் மருவைப் பற்றி நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: டாக்டர் ஐயா, ஆணுறுப்பின் அடிப்பக்கம் மரு வந்தது. கரண்ட் வைத்துச் சுட்டு எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பக்கத்திலேயே மூன்று முளைத்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி வந்துவிட்டது. மனைவியைத் தவிர எனக்கு யாரோடும் தொடர்பில்லை. ஆனாலும் வீட்டில் பேச்சு நின்றுபோய்விட்டது. சிகிச்சையில் தப்பா, என்னிடம் தப்பா?
– வள்ளியூர் வாசகர், வயது 34

பதில்: இரண்டிலும் தப்பில்லை. இந்த மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதில் பல வகை உண்டு. பிறப்புறுப்பு மருவில் பத்துக்கு ஒன்பது வருவது, 6, 11 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளால். வைரஸ் குடியிருப்பது தோலின் அடி அடுக்கில். கரண்ட், லேசர், நைட்ரஜன் எதை வைத்தாலும் கண்ணுக்குத் தெரிகிற மருதான் போகும். சுற்றிலும் நல்ல தோலாகத் தெரிகிற இடத்திலும் வைரஸ் இருக்கும். வயலில் கோரையை மேலாக அரிந்துவிட்டால் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து மறுபடி முளைக்கிறதே, அந்தக் கதைதான். திரும்பி வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுவே.

வீட்டுப் பேச்சுக்கு வருவோம். வைரஸ் ஒட்டியபின் மரு வெளியே தெரிய மூன்று வாரம் முதல் எட்டு மாதம் வரை ஆகலாம். சிலருக்கு வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்துவிட்டுப் பிறகு முளைக்கும். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. இன்று மரு வந்தது, நேற்றைய தவறுக்குச் சாட்சி ஆகாது. இந்தப் பக்கத்தை உங்கள் மனைவியும் படிக்கட்டும். அவர்களையும் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப்போங்கள். முப்பது வயது தாண்டியிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். புற்றுநோய் பயத்தினால் சொல்லவில்லை. அதை உண்டாக்குவது பெரும்பாலும் 16, 18 என்ற வேறு வகைகள். அந்த வயதில் எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை அது.

மூன்றாம் முறை சுடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். முன்தோல் முழுதாகப் பின்னுக்குப் போகிறதா? உள்ளேயோ, சிறுநீர்த் துவாரத்தின் ஓரத்திலோ, ஆசனவாய்ப் பக்கமோ ஒளிந்திருக்கும் ஒரு மருவை விட்டுவிட்டால் வெளியே எத்தனை தடவை எடுத்தும் பயனில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் வேண்டும், எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் மரு அடங்காது. சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் காட்டும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையும் வேண்டும். அந்த நோயிலும் மருவைப் போல ஈரமாக, தட்டையாகத் தடிப்புகள் வரும். அதை மரு என்று சுட்டுவிட்டால் உள்நோய் தங்கிவிடும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காட்டலாம். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம், ரகசியம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தொடையிடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் க்ரீம்களில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு இரண்டே நாளில் நிற்கும். கூடவே அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பும் அடங்கும். மரு தாராளமாகப் பரவும். டியூபை எடுத்து, மருந்தின் பெயர்களில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் இருக்கிறதா என்று வாசியுங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

அந்த இடத்தில் பிளேடு, ரேசர் படவேண்டாம். கீறல் வழியே வைரஸ் வரிசையாக விதைக்கப்படும். முடியைக் கத்தரியால் குட்டையாக வெட்டினால் போதும். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்கு மரு திரும்பி வருவது அதிகம்.

சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கடுகளவில் இருக்கும்போதே டாக்டரிடம் போனால் ஐந்து நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: ஆணுறுப்பு மொட்டின் விளிம்பில் வழவழப்பாக, ஒரே அளவில், முத்துக் கோத்தது போல வரிசையாகத் தெரிபவை மரு அல்ல, இயற்கையாக உள்ளவை. மருவின் மேல்பரப்பு காலிஃபிளவர் பூப்போலச் சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் இருக்கும்.

கேள்வி: இமிக்விமோட் க்ரீம் எழுதிக் கொடுத்தார்கள். சீக்கிரம் போகட்டும் என்று தினமும் போட்டேன். இப்போது தோல் உரிந்து சிவந்து, ஒன்றுக்குப் போனால் எரிகிறது.
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: உடனே நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, மெல்ல ஒற்றித் துடைத்து, புண் ஆறும்வரை விடுங்கள். டெட்டால் வேண்டாம். சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலோ, வீங்கினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

இந்த 5 சதவீத க்ரீம் மருவை நேரடியாக எரிப்பதில்லை. அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பைத் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் மெதுவாக வேலை செய்கிறது. ஆறியபின் டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்னால் முறை இது: வாரம் மூன்று இரவு மட்டும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்தபின், மருவின் மேல் மட்டும் மெல்லியதாகத் தடவி, க்ரீம் மறையும்வரை தேய்க்கவும். மேலே பிளாஸ்டர் ஒட்ட வேண்டாம். 6 முதல் 10 மணி நேரம் கழித்து, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். முன்தோலுக்கு அடியில் போடுபவர் அதைப் பின்தள்ளித் தினமும் கழுவ வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. அதிகபட்சம் 16 வாரம். இலேசான சிவப்பு வரும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். தோல் உரிந்தால் அளவு மீறியிருக்கிறது என்று பொருள். க்ரீம் மேலிருக்கும்போது உறவு வேண்டாம், அது ஆணுறை ரப்பரையும் பலவீனமாக்கும்.

கேள்வி: டாக்டரம்மா, நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. மரு கொத்தாகப் பெருகிவிட்டது. மதினி, சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். பிள்ளைக்கு ஆபத்து வருமா?
– திசையன்விளை வாசகி

பதில்: சுண்ணாம்பும் சோடாவும் சேர்ந்தால் கடும் காரம். கையில் இருக்கும் பாலுண்ணிக்கு வைத்தாலே குழி விழும். அந்த மெல்லிய தோலில் வைத்தால் மரு எது, சதை எது என்று பார்க்காமல் அரித்துவிடும். எருக்கம்பாலும் வேண்டாம். மதினி அக்கறையில்தான் சொல்கிறார்கள். பக்குவமாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

கர்ப்பத்தில் மரு பெருகுவது வழக்கம். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடும். போடோஃபிலின், போடோஃபிலோடாக்சின் என்ற மரு மருந்துகள் இரண்டும் கர்ப்பிணிக்குக் கூடாது, இமிக்விமோடையும் தவிர்ப்போம். வீட்டில் பழைய பாட்டில் கிடந்தால் தொடாதீர்கள். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும், டாக்டரே தொட்டு வைக்கும் டி.சி.ஏ. என்ற அமிலமும் செய்யலாம். அமிலம் பட்டதும் மரு வெள்ளையாகப் பூக்கும். சுற்றுத் தோலில் வழியாதிருக்க முதலில் வாசலின் தடவுவார்கள். அதிகமானால் டால்கம் பவுடரோ சமையல் சோடாவோ தூவி முறிப்பார்கள். மரு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. வழியை அடைத்தாலோ, ரத்தம் அதிகம் போகும் நிலை இருந்தாலோதான் யோசிப்பார்கள். பிள்ளையின் தொண்டைக்கு வைரஸ் போவது மிக அபூர்வம். பெண் டாக்டரிடம்தான் காட்டுவேன் என்று சீட்டுப் பதியும் இடத்திலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: தடுப்பூசி போட்டால் இருக்கும் மரு போய்விடுமா? ஆணுறை போதுமா?
– பேட்டை வாசகர்

பதில்: இருக்கும் மரு போகாது. ஏற்கெனவே ஒட்டிய வைரஸை ஊசி விரட்டாது. இன்னும் ஒட்டாத வகைகளைத்தான் தடுக்கும். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும். மரு முழுதாக மறையும்வரை உறவைத் தள்ளிவையுங்கள்.

உங்கள் தம்பி தங்கைகளுக்கு ஊசி நிச்சயம் பயன்படும். நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் 6, 11, 16, 18 நான்கு வகைகளையும் தடுக்கும். 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் போடலாம். 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 வயது முதல் மூன்று: முதல் ஊசி, அதிலிருந்து இரண்டு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று.