ஆர்பிஎஸ்19 ப்ரோட்டீன்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

சார், பிஎச்டி முதல் வருஷம். கைடு ரீகாம்பினன்ட் (ஜீனை பாக்டீரியா மாதிரி வேற செல்லுல வச்சு செஞ்ச) ஆர்பிஎஸ்19 ப்ரோட்டீன் ஆர்டர் போடச் சொல்லிட்டாங்க. இதுக்கு ஏன் இவ்ளோ மவுசு?

நம்ம செல்லுக்குள்ள ப்ரோட்டீன் செய்யிற மெஷினான ரைபோசோம்ல 4 ஆர்என்ஏ, 80 ப்ரோட்டீன் இருக்குப்பா, அதுல சின்ன பாதியான 40எஸ்-ல இருக்கிற 33-ல ஒண்ணுதான் இது. வெறும் 145 அமினோ அமிலம், 16 கிலோடால்டன் சொச்சம். ஆனா டயமண்ட் பிளாக்ஃபேன் அனீமியான்னு ஒரு நோய், பொறந்த முதல் வருஷத்துலயே குழந்தைக்கு எலும்பு மஜ்ஜைல சிவப்பணு உருவாகாம போயிடும், அதுக்கு முதல்ல பிடிபட்ட ஜீன் இதுதான், 1999ல. அந்த நோயாளிங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு கோளாறு இந்த ஜீன்லதான். அதனால அந்த குட்டி ட்யூபை அலட்சியமா எடுக்காதப்பா.

ஈ கோலை பாக்டீரியால இந்த ப்ரோட்டீனை செஞ்சு, அதைப் பிடிச்சு வைக்கிற நிக்கல் காலம்ல ஓட்டிட்டேன், ஜெல்ல ஒரே பேண்ட், சுத்தமா இருக்கு. ஆனா 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுற அளவோட விகிதம் (260/280 ரேஷியோ) 1.6 வருது. மெஷின் கோளாறா?

மெஷின் சரியாத்தான் இருக்கும்மா, உங்க ப்ரோட்டீனோட ஆர்என்ஏ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. சுத்தமான ப்ரோட்டீன்னா 0.6 பக்கம்தான் வரணும். ப்ரோட்டீனுக்கு நிறம் குடுக்கிற கூமாசி சாயம் போட்ட ஜெல்ல ஆர்என்ஏ தெரியாது, அதான் கண்ணுக்கு சுத்தமா தெரியுது. இந்த ப்ரோட்டீனோட சுபாவமே அதுதான், உடம்பு முழுக்க லைசினும் ஆர்ஜினினும், பாசிட்டிவ் சார்ஜ், பொறந்ததே ஆர்என்ஏவை கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கத்தான், மனுஷ ஆர்என்ஏ இல்லன்னா பாக்டீரியாவோடதை பிடிச்சுக்கும். நான் ஆரம்பத்துல இதை கவனிக்காம ரெண்டு வாரம் எது எதோட ஒட்டுதுன்னு பார்க்குற பைண்டிங் அஸ்ஸே பண்ணேன், எதைப் போட்டாலும் ஒட்டுது, கண்ட்ரோலும் ஒட்டுது, கடைசில பார்த்தா நடுவுல பாலம் போட்டது ஆர்என்ஏ. இப்பல்லாம் ப்ரோட்டீன் காலம்ல இருக்கும்போதே 1 மோலார் உப்பு பஃபர்ல நல்லா வாஷ் பண்ணி, ரேஷியோ இறங்கின பிறகுதான் ப்ரோட்டீனை காலம்லேர்ந்து இறக்குற இமிடசோல் ஊத்துவேன். ஆர்என்ஏவை வெட்டுற ஆர்என்ஏஸ் என்சைம் போட்டும் ஒழிக்கலாம், ஆனா அப்புறம் ஆர்என்ஏ பைண்டிங்தான் பண்ணப் போறீங்கன்னா அந்த என்சைம் துளி மிஞ்சினாலும் நீங்க சோதனைக்கு போடுற ஆர்என்ஏவை (ப்ரோபை) தின்னுடும், அதுக்கு உப்பே மேல்.

ஜெல்ல 16 கிலோடால்டன்ல வரவேண்டிய பேண்ட் 20 கிட்ட நிக்குது. வேற ப்ரோட்டீனை அனுப்பிட்டாங்களா?

பெரும்பாலும் இல்ல. நிக்கல்ல ஒட்டுறதுக்காக சேர்த்த ஹிஸ் டேக்கும், அதை இணைக்கிற லிங்கரும் சேர்ந்தா ரெண்டு கிலோடால்டன் கூடும், அதோட பாசிட்டிவ் சார்ஜ் ஜாஸ்தி இருக்கிற ப்ரோட்டீன் ஜெல்ல கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். சந்தேகம் தீரலன்னா எடையை துல்லியமா அளக்குற மாஸ் ஸ்பெக் பாருங்க.

செல்லை உடைச்சு சுத்தினா ப்ரோட்டீன் மொத்தமும் அடியில பெல்லட்ல உக்காந்துடுது, மேல நிக்கிற கரைசலான சூப்பர்நேட்டன்ட்ல ஒண்ணுமே இல்ல.

37 டிகிரில வளர்த்திருப்பீங்க. 18-க்கு இறக்கி, ப்ரோட்டீன் உற்பத்தியை தூண்டுற ஐபிடிஜியை 0.1 மில்லிமோலாருக்கு குறைச்சு ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்க, அப்பவும் வரலன்னா கரைய உதவுற எம்பிபி இல்லன்னா சுமோ டேக் சேருங்க. ஆன்டிபாடி தயாரிக்கத்தான்னா யூரியால கரைச்சதே போதும், மடிப்பு முக்கியம்னா அது ஆகாது.

வயல் வந்துச்சு, உள்ள காலியா இருக்கிற மாதிரி தெரியுது!

திறக்காதீங்க! முதல்ல ஒரு ஸ்பின் போடுங்க, மூடில ஒட்டியிருக்கிறது கீழ இறங்கும். அப்புறம் 10 மைக்ரோலிட்டரா பிரிச்சு, லோ பைண்டிங் ட்யூப்ல, மைனஸ் 80. ஒரு தடவை உருக்கினதை திரும்ப உறைய வைக்காதீங்க.

எம் பொண்ணுக்கு இந்த அனீமியா இருக்கு, ஆர்பிஎஸ்19 கோளாறுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. இந்த ப்ரோட்டீனை ஊசியா போட முடியாதாங்க?

அம்மா, முடியாதுங்க, யார் சொன்னாலும் இதுல ஏமாந்துடாதீங்க. லேப்ல வர்ற ப்ரோட்டீன் ஆராய்ச்சிக்கு மட்டும்தான், பாக்டீரியால செஞ்சது, அதுல பாக்டீரியாவோட நச்சான எண்டோடாக்சின் இருக்கலாம், ரத்தத்துல போனா காய்ச்சல்ல ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசில போனாலும் அது மஜ்ஜை செல்லுக்குள்ள நுழைஞ்சு ரைபோசோம்ல போய் உக்காராது, ரைபோசோமை செல் உள்ளுக்குள்ளயே, கட்டும்போதே சேர்க்கணும். இப்ப இருக்கிற வழி ஸ்டீராய்டு, ரத்தம் ஏத்துறது, பொருத்தமான டோனர் கிடைச்சா மஜ்ஜை மாற்று சிகிச்சை. பாப்பாவுக்கு ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்கீங்கன்னா உடம்புல இரும்பு சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், அடுத்த தடவை போகும்போது இரும்பு சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின் எவ்ளோ இருக்கு, இரும்பை வெளியேத்துற மருந்து எப்ப ஆரம்பிக்கணும்னு உங்க ரத்தவியல் டாக்டர்கிட்ட கேளுங்க.